ஓடச் சொல்லும் தரை

கல்யாண மண்டபத்துக்குள் நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை இறக்கிவிடுங்கள். செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்திருக்கும். ஓடு என்று யாரும் சொல்லவில்லை, துரத்தவும் ஆள் இல்லை. மணவறைக்கும் நாற்காலி வரிசைக்கும் நடுவே விரித்த கம்பளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு ஓட்டம், திரும்பவும் ஒரு ஓட்டம். ஐந்து நிமிடத்தில் எங்கிருந்தோ இன்னும் நான்கு பிள்ளைகள் வந்து சேர்ந்துகொள்ளும். அதே கூட்டத்தைப் பந்தி முடிந்த பிறகு தேடிப் பாருங்கள். அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னாலோ மேசை விரிப்புக்கு அடியிலோ குந்தி உட்கார்ந்து, குசுகுசுவென்று பேசிக்கொண்டு எதையோ பங்கு பிரித்துக்கொண்டிருக்கும்.

பெற்றோரிடம் இதற்கு இரண்டு விளக்கங்கள் தயாராக உண்டு. ‘இவன் சரியான வாலு’ என்பது ஒன்று. ‘ஐஸ்கிரீம் அதிகமாகிவிட்டது’ என்பது இன்னொன்று. இரண்டும் பிள்ளையைப் பற்றியவை. மண்டபத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒரே பிள்ளை ஒரே மாலையில் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது என்றால், முதலில் விசாரிக்க வேண்டியது இடத்தைத்தானே?

ஊரே ஆய்வுக்கூடம்

ரோஜர் பார்க்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் விசாரித்தார். 1947இல் கான்சஸ் மாநிலத்தின் ஆஸ்கலூசா என்ற சிற்றூரில் குடும்பத்தோடு குடியேறி, அங்கே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். குழந்தைகளை ஓர் அறைக்கு வரவழைத்துச் சோதிக்கும் வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குள் அவர்கள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போய் எழுதிக்கொள்வதுதான் அவருடைய முறை. 1949 ஏப்ரல் 26 அன்று பார்வையாளர்கள் முறை வைத்துக்கொண்டு ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் காலையில் கண் விழித்தது முதல் இரவு தூங்கியது வரை தொடர்ந்து, அவன் செய்த அத்தனையையும் குறித்தார்கள். அது 1951இல் ஒரு முழுப் புத்தகமாகவே வெளிவந்தது.

இப்படிச் சேர்ந்த பதிவுகளிலிருந்து பார்க்கர் வந்தடைந்த முடிவு உளவியலாளர்களுக்கே சங்கடமானது. ஒரு பிள்ளை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஊகிக்க வேண்டுமானால், அது எப்படிப்பட்ட பிள்ளை என்று தெரிந்துகொள்வதைவிட, அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அதிகம் உதவுகிறது. கடையில் எல்லாரும் கடைக்குரியபடி நடக்கிறார்கள், தேவாலயத்தில் தேவாலயத்துக்குரியபடி. இடம், அதிலுள்ள பொருள்கள், அங்கே வழக்கமாக நடக்கும் செயல் ஆகிய மூன்றும் ஒட்டிப் பிறந்தவைபோல் சேர்ந்தே வருகின்றன. இந்தச் சேர்க்கையை நாம் ‘நடத்தைக் களம்’ என்று அழைப்போம்.

ஒரு மழலையர் வகுப்பறை ஒரே களமா, பல களங்களா? இந்த அத்தியாயத்தின் கேள்வி இதுதான். ஒரே களமாக இருந்தால், இருபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்தாக வேண்டும். மூன்று, நான்கு வயதில் அது எவ்வளவு நேரம் நடக்கும் என்பது எந்த டீச்சருக்கும் தெரியும். பல களங்களாகப் பிரித்தால் பிள்ளைகளும் பிரிந்து உட்கார்வார்கள். ஆனால் பிரிப்பது எப்படி? ‘கட்டை மூலை’, ‘பொம்மை மூலை’ என்று அட்டையில் எழுதி ஒட்டினால் பிரிந்துவிடுமா?

வெற்றுத் திடல்

கலிபோர்னியாவின் பசடேனா நகரில் பசிபிக் ஓக்ஸ் என்றொரு கல்லூரி. அங்கே சிபில் கிரிட்செவ்ஸ்கி, எலிசபெத் பிரெஸ்காட் போன்றவர்கள் 1960களில் குழந்தைக் காப்பகங்களின் தரைகளை ஆராய்ந்து, 1969இல் சிறு நூலாக வெளியிட்டார்கள். மண்டபப் புதிருக்கு விடை அதில் கிடைக்கிறது.

தரையில் ஏறக்குறைய சதுரமாகவோ வட்டமாகவோ பெரிய காலி இடம் இருந்து, நடுவில் எந்தப் பொருளும் இல்லாவிட்டால், பிள்ளைகள் அதைச் செயலற்ற இடமாகப் பார்ப்பதில்லை. ஓடவும் உருளவும் மல்லுக்கட்டவும் வந்த அழைப்பாகவே பார்க்கிறார்கள். இதை ‘வெற்றுத் திடல்’ என்போம். நீளமாகவும் நேராகவும் காலி இடம் இருந்தால் அது பாதை. பாதையின் வேலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுப்பது. மண்டபத்துக் கம்பளம் இரண்டும் சேர்ந்த ஒன்று. பிள்ளை அங்கே தரை சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். வெளியே மைதானத்தில் இவை இரண்டும் வேண்டும், தாராளமாக வேண்டும். பிரச்சினை அறைக்குள்தான்.

பசடேனா ஆய்வாளர்கள் ஒரு கணக்கும் கொடுத்தார்கள். அறையிலுள்ள ஒவ்வொரு விளையாட்டுப் பொருளும் ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளைப் பிடித்து வைக்கும்? ஒரே ஒரு வேலைக்கு மட்டும் உதவும் பொருள், உதாரணமாக ஆடுகுதிரை, எளிய அலகு: மதிப்பு 1. இரண்டு வகைப் பொருள் சேர்ந்தது, உதாரணமாக மணல் தொட்டியும் கரண்டிகளும், கூட்டு அலகு: மதிப்பு 4. மூன்று அல்லது அதற்கு மேல் சேர்ந்தது, மணலும் கரண்டியும் தண்ணீரும், பெரும் அலகு: மதிப்பு 8. இவற்றைக் கூட்டி வருவதை ‘ஆட்ட இடம்’ என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஆட்ட இடத்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 2க்குக் குறையக் கூடாது. ஒன்றில் உட்கார்ந்திருக்கும்போது போய்ச் சேர இன்னொன்று காலியாக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இல்லையென்றால் விளையாட்டை மாற்ற விரும்பும் பிள்ளைக்கு அடுத்தவன் கையிலிருப்பதைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்த மதிப்பெண்களை விஞ்ஞானத் துல்லியம் என்று நினைத்துவிட வேண்டாம். அனுபவத்தில் வந்த மதிப்பீடுதான். ஆனாலும் ஓர் அறையைப் பார்த்ததும் ‘பொம்மை பத்தலை’ என்று சொல்வதைவிடப் பல மடங்கு உருப்படியானது. ஒரு பொருளின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தாலே 1 என்பது 4 ஆகிறது என்பதைக் கவனியுங்கள். செலவு இல்லாத பெருக்கல்.

35 என்ற எண்

பொருள் சரி, இடம்? 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை 30 பிள்ளைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் அறை வேண்டும் என்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் உரிம விதியிலும் 35 என்ற எண் வருகிறது. அங்கே அது ஒரு பிள்ளைக்கு 35 சதுர அடி. நம் கணக்கை அடிக்கு மாற்றினால் பிள்ளைக்குப் பன்னிரண்டரை சதுர அடி. எண் ஒன்றுதான், கிடைக்கும் தரை மூன்றில் ஒரு பங்கு.

பிரிட்டனின் ஷெஃபீல்டில் பீட்டர் ஸ்மித், கெவின் கானலி என்ற இருவர் ஒரு மழலையர் குழுவை நடத்திக்கொண்டே தரைப்பரப்பையும் பொம்மைகளின் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து 1980இல் எழுதினார்கள். தலைக்கு 75 சதுர அடியிலிருந்து 25 வரை குறைத்தபோது சண்டை சச்சரவில் பெரிய மாற்றம் இல்லை. 15க்கு வந்ததும் சண்டை கூடியது, சேர்ந்து விளையாடுவது குறைந்தது. பொம்மைகளைக் குறைத்தாலும் சண்டை கூடியது, ஆனால் பகிர்ந்து விளையாடுவதும் கூடியது.

அப்படியானால் நம்முடைய குறைந்தபட்ச அளவே ஷெஃபீல்டில் சண்டை கூடிய கோட்டுக்குக் கீழே இருக்கிறது. கூட்டமான வீட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு குறைந்தபட்சத்தையே போதும் என்று சொல்லிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பெங்களூர் போன்ற நகரத்தின் வாடகையில் தரை உடனே பெருகப் போவதில்லை என்பதும் உண்மை. எனவே இருக்கிற தரையை வைத்துக் கணக்குப் போடுவோம்.

பொம்மனஹள்ளியில் ஓர் அறை

பெங்களூரின் தென்கிழக்கில் ஓசூர் சாலையை ஒட்டியது பொம்மனஹள்ளி. 2007இல் பெருநகர மாநகராட்சியோடு சேரும் வரை தனி நகரசபை. கார்மெண்ட்ஸ் ஆலைகள் நிறைந்த பகுதி, வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், ஆந்திரத்திலிருந்தும் வட கர்நாடகத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் என்று ஒரே சந்தில் நான்கைந்து மொழி கேட்கும். அம்மா ஆலைக்குள் போனதும் பிள்ளை எங்கே? அங்கன்வாடியில், அல்லது ஆலைக் காப்பகத்தில். முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை பார்க்கும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் விதியாக இருந்தது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2 அன்று.

கணக்குக்காக ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சந்துக்குள் வாடகைக் கட்டடம், தரைத்தளம். 20 அடி நீளம், 12 அடி அகலம், ஆக 240 சதுர அடி. 20 பிள்ளைகள், ஒரு டீச்சர், ஓர் ஆயாம்மா. தலைக்கு 12 சதுர அடி. தெருவாசல் ஒரு கோடியில். சமையல் அறைக்கும் குழாயடிக்கும் போகும் கதவு எதிர்க்கோடியில். நீளமான ஒரு சுவரில் ஜன்னல்.

இப்போது எப்படி இருக்கும்? சுவரோரமாகப் பீரோ, எடைக் கருவி, சத்துமாவு மூட்டை, சுருட்டிய பாய்கள். நடுவில் ஒன்றுமில்லை. ‘பிள்ளைங்க விளையாட இடம் வேணுமே’ என்று நல்ல எண்ணத்தோடு ஒதுக்கி வைத்தது. ஆக நடுவில் வெற்றுத் திடல், இரண்டு கதவுகளுக்கும் இடையே 20 அடி நேர்ப்பாதை. விளையாட்டுப் பொருள்: ஒரு பிளாஸ்டிக் குதிரை, இரண்டு பந்து, கொடியில் தொங்கும் ஒரு படப்புத்தகம், எல்லாம் கலந்து கிடக்கும் ஒரு பொம்மைக் கூடை. ஆட்ட இடம் 1 + 2 + 1 + 4, மொத்தம் 8. தலைக்கு 0.4. கூடையைக் கவிழ்த்ததும் அடிதடி வருவதற்கு யாருடைய வளர்ப்பும் காரணமில்லை.

மாற்றுவோம். முதல் வேலை நேர்ப்பாதையை வளைப்பது. பீரோவையும் மூட்டையையும் தெருவாசலை ஒட்டிய சுவரில் வரிசையாக வைத்தால் 12 சதுர அடி. அதற்கு எதிர்ச்சுவரில் கட்டை மூலை, 6க்கு 6 அடி. மரக் கட்டைகள், சின்ன வண்டிகள், விலங்குப் பொம்மைகள். மூன்று வகை சேர்ந்ததால் பெரும் அலகு, 8. அதை ஒட்டியே சொப்பு மூலை, 5க்கு 6: சொப்புச் சாமான், துணிப் பொம்மை, தராசு, பழைய துப்பட்டாக்கள். இன்னொரு 8. இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் தடுப்பு வேண்டாம். கேத்தி கின்ஸ்மன், லாரா பெர்க் என்ற இருவர் 1979இல் இந்த இரண்டு மூலைகளையும் பிரித்த தடுப்பை எடுத்துப் பார்த்தபோது, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கலந்து விளையாடுவது கூடியது, முக்கியமாகச் சின்னவர்களிடம். கட்டையில் வீடு, வீட்டுக்குள் சோறு என்று கதை தானாகவே இணைந்துவிடும்.

சொப்பு மூலையைத் தாண்டி ஜன்னல் வெளிச்சத்தில் குட்டைக்கால் மேசை, 5க்கு 4. தாளும் கிரேயானும் ஒரு வகை, பிசையும் களிமண் இன்னொரு வகை: 4. பக்கத்துச் சுவரில் பிள்ளை உயரத்துக்குக் கறுப்பு வண்ணம் அடித்து நான்கு பேர் எழுதும் பலகை: இன்னொரு 4. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் வகுப்புகளில் ‘கீழ்மட்டக் கரும்பலகை’ என்று இதைத்தான் சொன்னார்கள். குழாயடிக் கதவை ஒட்டி 3க்கு 4 அடியில் ஒரு தொட்டி: மணல், கொஞ்சம் தண்ணீர், புனல், டம்ளர். 8. ஈரம் அங்கேயே நிற்கும், ஆயாம்மாவின் துடைப்பமும் அங்கேயே கைக்கெட்டும். எதிர்ச்சுவரில் 5க்கு 4 அடித் தட்டு மூலை. மணி கோர்த்தல், விதை பிரித்தல், மூடி திருகுதல், படத்துண்டு சேர்த்தல் என்று ஆறு தட்டுகள், ஒவ்வொன்றும் 1. தெருவிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் கோடியில் 4க்கு 5 அடிப் புத்தக மூலை: பாய், புத்தகங்கள், கைப்பாவைகள். 4. வாஸ்து பார்ப்பவர்கள் கோபிக்கக் கூடாது, திசையை நான் சத்தத்தையும் தண்ணீரையும் வைத்துத்தான் முடிவு செய்தேன்.

கூட்டினால் 42 ஆட்ட இடம். இருபதால் வகுத்தால் 2.1. அதே 240 சதுர அடி.

தரை மிச்சமிருக்கிறதா? மூலைகள் ஆறும் 138, பீரோ வகையறா 12, ஆக 150. மீதி 90 சதுர அடி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பசடேனாக்காரர்கள் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை திறந்திருக்க வேண்டும் என்றார்கள். கீழ் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம். அந்த 90 இப்போது திடலாக இல்லை. மூலைகளின் நடுவே வளைந்து போகும் மூன்று, நான்கு அடிப் பாதையாகிவிட்டது. பாட்டுக்கும் கதைக்கும் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டிய நேரத்தில் தட்டு மூலைப் பாயைச் சுருட்டி, மேசையை ஜன்னலோரம் தள்ளினால் இடம் வந்துவிடும். ஓட்டத்துக்கு வெளியேதான் போக வேண்டும். பக்கத்தில் பூங்காவோ கோயில் முற்றமோ இருக்கிறதா என்பது அறையை வாடகைக்குப் பிடிக்கும்போதே பார்க்க வேண்டிய சங்கதி.

இரண்டேகால் அடிச் சுவர்

மூலை என்றால் எவ்வளவு அடைத்திருக்க வேண்டும்? இதற்கு நல்ல விடை பிரேசிலிலிருந்து கிடைத்தது. சாவோ பாவ்லோ மாநிலத்தில் மாரா காம்போஸ் டி கார்வால்யோ, ரொசெட்டி ஃபெரேரா என்ற இருவர், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் வரும் காப்பகங்களை ஆராய்ந்தார்கள். பிள்ளைகள் நிறைய, பெரியவர்கள் குறைவு, அறை பெரும்பாலும் காலி. நம் நிலைமைதான். காலி அறையில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் காப்பாளரைச் சுற்றியே மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மூக்கைத் துடைக்கக் குனிந்தால் ஐந்து பேர் மடிக்குப் போட்டி. தாழ்வான அலமாரிகளைக் கொண்டுவந்து மூன்று பக்கமும் அடைத்த சிறு வளைவுகள் செய்ததும் பிள்ளைகள் அவற்றுக்குள் போய் உட்கார்ந்தார்கள். காப்பாளரைச் சுற்றிய கூட்டம் குறைந்தது, ஒருவரோடு ஒருவர் விளையாடுவது கூடியது. பிரான்சில் அலென் லெஜாந்தர் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு நிபந்தனை சேர்த்தன: அடைப்புக்குள்ளிருந்து பெரியவர் கண்ணில் பட வேண்டும். உயரமான தடுப்பு வைத்து மறைத்தால் பிள்ளைகள் மூலையை விட்டு மறுபடியும் அவர் காலடிக்கே வந்துவிடுகிறார்கள்.

ஆகவே தடுப்பின் உயரம் அலங்கார விஷயமாக இருக்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 95 செ.மீ. தரையில் உட்கார்ந்தால் கண் ஒன்றரை அடி உயரத்தில். நின்றால் இரண்டே முக்கால் அடி. தடுப்பு இரண்டேகால் அடி என்றால், உட்கார்ந்திருக்கும் வரை பக்கத்து மூலையின் கலகலப்பு கண்ணில் படாது. எழுந்து நின்றால் டீச்சர் தெரிவார். டீச்சருக்கோ எல்லா நேரமும் எல்லாரும் தெரிவார்கள். பழ மண்டியில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளை இரண்டு அடுக்கு வைத்து ஒன்றோடொன்றும் சுவரோடும் கட்டினால் ஏறக்குறைய அந்த உயரம், பொருள் வைக்கத் தட்டும் ஆயிற்று. கட்டாமல் விட்டால் முதல் நாளே யாராவது ஏறுவார்கள், சரியும்.

எல்லை இருப்பதற்கு ஆதாரம் இன்னும் உண்டு. விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி மூர் 1986இல், மூலைகள் தெளிவாகப் பிரிந்த மையங்களையும் பிரியாத மையங்களையும் ஒப்பிட்டபோது, பிரிந்தவற்றில் பிள்ளைகள் தாமே தேடி ஆராய்வதும் கூடிச் செயல்படுவதும் அதிகமாக இருந்தன.

தடுப்புக்கே இடமில்லாத அறைகளும் இருக்கின்றன. அங்கே உதவுவது ஒரு பழைய உபாயம். 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னை வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். இத்தாலி உலகப் போரில் இறங்கியதால் இத்தாலியரான அவர் ஐரோப்பா திரும்ப முடியாமல் 1946 வரை தங்கினார், சில ஆண்டுகள் கொடைக்கானலில். அவர் முறையில் பிள்ளை ஒரு வேலையை எடுத்தால் முதலில் தன் சிறு பாயை விரிக்கும். அந்தப் பாய்க்குள் இருப்பது அதன் வேலை, யாரும் மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது. உயரமே இல்லாத சுவர் அது. கோரைப் பாயைப் பாதியாக வெட்டி ஓரம் தைத்தால் இரண்டு கிடைக்கும். ஊரெல்லாம் தையல் மெஷின் ஓடும் பொம்மனஹள்ளியில் ஓரம் தைக்கவா ஆள் கிடைக்காது!

ஹாரன்

ஓசூர் சாலையின் சத்தம் சந்துக்குள்ளும் வரும். மேலே எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை, 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடமும் பொம்மனஹள்ளி வழியே ஓடுகிறது. வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. பெங்களூரில் நள்ளிரவில்கூட அது கிடைக்குமா என்பது என் சந்தேகம்.

பெரியவர்களுக்குச் சத்தத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் வாக்கியத்தை வைத்து இட்டு நிரப்பிக்கொள்வோம். அதற்கு மொழி ஏற்கெனவே கைவசம் இருக்க வேண்டும். நான்கு வயதில் அந்தக் கையிருப்பு குறைவு. வீட்டில் தமிழும் அங்கன்வாடியில் கன்னடமும் கேட்கும் பிள்ளைக்கு இன்னும் குறைவு. ‘ஹல்லி’ என்பதும் ‘ஹள்ளி’ என்பதும் ஹாரனுக்கு நடுவே ஒன்றுதான், ஒன்று பல்லி, மற்றது கிராமம். 1975இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் நியூயார்க்கில் மேல்மட்ட ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை ஆராய்ந்தார். தண்டவாளப் பக்கத்து வகுப்புகள் வாசிப்பில் மறுபக்கத்து வகுப்புகளைவிடப் பல மாதங்கள் பின்தங்கியிருந்தன. பிறகு ஒலியுறிஞ்சும் பொருளை வகுப்பில் பொருத்தி, தண்டவாளத்துக்கு அடியிலும் மெத்தை வைத்ததும் அந்த இடைவெளி மறைந்தது. 2000இல் லொரெய்ன் மேக்ஸ்வெல்லும் கேரி எவன்ஸும் மழலையர் அறைகளிலேயே ஒலியுறிஞ்சும் பலகை பொருத்தி, முன்னும் பின்னும் பார்த்தார்கள். எழுத்து, எண் அடையாளம் காண்பதில் பிள்ளைகள் முன்னேறினார்கள்.

நம் அறையில் சிமென்ட் தரை, சிமென்ட் சுவர். உள்ளே எழும் சத்தமே திரும்பத் திரும்ப மோதி அறையை நிரப்பும். கட்டை மூலைக்கு அடியில் தடித்த ஜமுக்காளம் போட்டால் கட்டை விழும் ஓசை பாதி அடங்கும். தெருவாசலை ஒட்டிய பீரோவும் மூட்டையும் ஒரு சிறு மறைப்பு. புத்தக மூலையில் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மடிப்பு மடிப்பாகத் தடித்த துணி தொங்கவிடலாம். ஆலைகளின் கழிவுத் துணி இந்தப் பகுதியில் கிலோ கணக்கில் கிடைக்கும், மெல்லிய துணியை ஒற்றையாகத் தொங்கவிட்டால் பயன் சொற்பம், நான்கைந்து மடிப்பு வேண்டும். எரியும் பொருள் என்பதால் சமையல் பக்கம் கூடாது. ஹாரனை இவை நிறுத்தாது. டீச்சர் ஹாரனோடு போட்டி போட்டுக் கத்த வேண்டிய அளவைக் கொஞ்சம் குறைக்கும்.

சுவரிலே ஒரு காய்கறிச் சந்தை

அங்கன்வாடி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வண்ணச் சுவர். கத்தரிக்காய், யானை, தேசியத் தலைவர்கள், கன்னட எழுத்துகள், ஆங்கில எழுத்துகள், மாதங்கள், கிரகங்கள். 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அன்னா ஃபிஷரும் கூட்டாளிகளும் 24 மழலையருக்கு ஆறு சிறு அறிவியல் பாடம் நடத்தினார்கள், சில பாடம் படம் நிறைந்த அறையில், சில வெறுஞ்சுவர் அறையில். நிறைந்த அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 விழுக்காடு, வெறுஞ்சுவரில் 28.4. பாடத்தில் கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை முறையே 42, 55 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், டீச்சர் பேச எல்லாரும் கேட்கும் பாடத்துக்குத்தான் அது பொருந்தும். ஆனாலும் வண்ணம் அடிக்கத் தன்னார்வலர்கள் வரிசையில் நிற்கும் இந்த ஊரில் இதைச் சொல்லியாக வேண்டும். வட்டமாக உட்காரும்போது பிள்ளைகள் எந்தச் சுவரைப் பார்த்து உட்காருவார்களோ, அதை மட்டுமாவது ஒரே நிறத்தில் விடுங்கள். மற்றச் சுவர்களில் பிள்ளைகள் வரைந்ததைக் கம்பிக் கொடியில் தொங்கவிட்டு வாரம் ஒரு முறை மாற்றலாம்.

பூட்டும் சாவியும்

நாட்டின் பாடத்திட்ட ஆவணங்கள் மூலைகளை மறக்கவில்லை. என்சிஇஆர்டி 2019இல் வெளியிட்ட மழலையர் பாடத்திட்டத்தில் பொம்மை, கட்டை, புத்தகம், கலை என்று செயல்பாட்டு மூலைகள் பெயரோடு வருகின்றன. கர்நாடகத்தில் 1995இல் எச்.டி. கோட்டை வட்டத்தில் தொடங்கிய நலி-கலி முறை ஒன்றாம் வகுப்பு முதலே பிள்ளைகளைக் குழுக்களாகத் தரையில் உட்கார்த்தி வைத்துப் பழக்கிய முறை. ஆனாலும் பல மையங்களில் பொம்மைகள் பீரோவுக்குள் பூட்டியே இருக்கின்றன. உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் யார் பதில் சொல்வது? அந்தப் பயம் நியாயமானதுதான், சம்பளமாக அல்லாமல் மதிப்பூதியமாகக் கொஞ்சம் வாங்கும் ஒருவர் உடைந்த கட்டைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பது நியாயமற்றது. விளையாட்டுச் சாமானைத் தேய்ந்து தீரும் பொருளாக, சோப்பு போல, பதிவு செய்தால் இந்தப் பூட்டு திறக்கும். பெங்களூரிலிருந்து அறுபது கிலோமீட்டரில் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மைகள் செய்கிறார்கள். அவை உடைவது அரிது, பூட்டி வைத்தால் மட்டும் பயன் இல்லை.

திறந்து வைத்த முதல் வாரம் குழப்பமாகத்தான் இருக்கும். எல்லா மூலையையும் ஒரே நாளில் திறக்காமல், இரண்டில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுவது நல்லது. டீச்சர் அறையின் படத்தை ஒரு தாளில் வரைந்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை யார் எங்கே என்று புள்ளி வைத்தால் ஒரு வாரத்தில் படம் பேச ஆரம்பிக்கும். புள்ளியே விழாத மூலை பாதையில் இருக்கிறது, அல்லது இருட்டில் இருக்கிறது, அல்லது அங்கிருந்து டீச்சர் தெரியவில்லை. புள்ளி மொய்க்கும் மூலையை இரண்டாக்க வேண்டும். பார்க்கர் ஊர் முழுக்கச் செய்ததைத்தான் இங்கே ஓர் அறைக்குள் செய்கிறோம்.

பெரும்பாலும் மொய்ப்பது சொப்பு மூலைதான். அங்கே எழுத்தையும் கொண்டுவந்து வைக்கலாம் என்று காட்டியவர்கள் சூசன் நியூமன், கேத்லீன் ராஸ்கோஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். 1990களின் தொடக்கத்தில் பாசாங்கு விளையாட்டு மூலைகளில் தாள், உறை, பட்டியல், பேனா போன்றவற்றைச் சேர்த்து வைத்தார்கள். யாரும் கற்பிக்காமலேயே பிள்ளைகள் எழுதுவதுபோலவும் படிப்பதுபோலவும் விளையாடுவது கூடியது. பொம்மனஹள்ளிச் சொப்புக் கடைக்கு இதெல்லாம் இலவசம்: நந்தினி பால் கவர், பிஎம்டிசி பஸ் டிக்கெட், அம்மாவின் ஆலை அடையாள அட்டை போல ஓர் அட்டை, கழித்த அளவு நாடா, ரேஷன் பை. சட்டை தைத்து, லேபிள் ஒட்டி, ‘புரொடக்‌ஷன் ஆகலை’ என்று சூப்பர்வைசர் குரலில் ஒருத்தி திட்டுவதையும் கேட்கலாம். விலைப்பட்டியல் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் கூடிச் சண்டை போடத் தேவையில்லை. பால் கவரில் கன்னடமும் ஆங்கிலமும் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ் வீட்டுப் பிள்ளைகளிடம் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கொண்டுவரச் சொன்னால், கடையில் கொடுக்க நோட்டும் ஆயிற்று, பெரிய எழுத்தில் எண்ணும் தமிழில் கிழமையும் ஆயிற்று.